நாரை அறுப்பதா, பிடியை விடுவிப்பதா?

1988-இல் 'லான்செட்' இதழில் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வெளிவந்தது. மாரடைப்பு என்ற சந்தேகத்தோடு 417 மருத்துவமனைகளில் சேர்ந்த 17,187 பேரை நான்கு கூறாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூறுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும், ஒரு மணி நேரம் நரம்பு வழியே. ஒரு கூறுக்கு ஆஸ்பிரின் மட்டும், தினமும் ஒன்று, ஒரு மாதத்துக்கு. மூன்றாம் கூறுக்கு இரண்டும். நான்காம் கூறுக்கு இரண்டுமே இல்லை, வெற்று மருந்துதான். ஐந்து வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஸ்ட்ரெப்டோகைனேஸ் இறப்பை 25 சதவீதம் குறைத்திருந்தது. சட்டைப்பைச் சில்லறைக்குக் கிடைத்த ஆஸ்பிரின் 23 சதவீதம் குறைத்திருந்தது. இரண்டும் பெற்றவர்களில் 8.0 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டும் பெறாதவர்களில் 13.2 சதவீதம் பேர்.

நோயாளிகளை இன்னும் பல உட்பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும்படி கேட்டபோது, ஆய்வாளர்கள் குறும்பாக ராசியையும் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை என்று அட்டவணை காட்டியது! எண்களை அளவுமீறிக் கூறுபோடுகிறவர்களுக்கு வைத்த குட்டு அது. பின்னால் சில ஆய்வுகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அந்த இரண்டு மருந்துகளும் தாக்கியது தமனியை அடைக்கும் ஒரே ரத்த உறைகட்டியின் இரண்டு வேறு பொருள்களை. ஸ்ட்ரெப்டோகைனேஸின் இலக்கு ஃபைப்ரின் என்ற புரத நார். ஆஸ்பிரினின் இலக்கு தட்டணு, டெங்கு காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் அதே பிளேட்லெட். பலன் ஏறத்தாழச் சமம். சேர்த்துக் கொடுத்தால் கூடுகிறது. இருந்தும் அதற்குப் பிறகான காலத்தில் மருத்துவ உலகம் முதல் வகையை மட்டுமே கரைக்கும் மருந்து என்று அழைத்தது. தட்டணு மருந்துகள் புதிய கட்டி உருவாகாமல் தடுப்பவை என்ற வேறு அலமாரிக்குப் போயின. ஏற்கெனவே தமனியை அடைத்துவிட்ட கட்டியை, தட்டணுக்களின் பிடியை அவிழ்த்தே கரைக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அந்த அலமாரிப் பிரிவினை தவறு என்பதும், தட்டணுப் பிடிகளிலும் எந்தப் பிடியைத் தொடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பதும் என் வாதம்.

நார் வழியின் வரலாறு நீளமானது, வெற்றிகளும் நிறைந்தது. 1933-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் டில்லெட், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் ஒரு சுரப்பு மனித ஃபைப்ரினைக் கரைப்பதைக் கண்டார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் தானாக எதையும் அறுப்பதில்லை. நம் ரத்தத்தில் உறங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜனைப் பிடித்து எழுப்புகிறது. அது பிளாஸ்மினாக மாறி நாரை அறுக்கிறது. ஆனால் அன்று மாரடைப்புக்கு இதைக் கொடுக்க யாருக்கும் உறுதியான காரணம் இருக்கவில்லை. தமனிக்குள் கட்டி இருப்பது மாரடைப்பின் காரணமா, விளைவா என்ற தகராறே தீராமல் இருந்தது. 1980-இல் மார்கஸ் டிவுட் குழு, வலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, 87 சதவீதம் பேருக்குத் தமனி முழுவதும் அடைபட்டிருந்ததைக் காட்டியது. தகராறு அதோடு தீர்ந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1986-இல் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிர்காப்பதைக் காட்டியது: 21 நாளில் இறப்பு 13.0 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெசிரே கோலன், ஒரு தோல் புற்றுநோய்ச் செல் வரிசை சுரக்கும் டி.பி.ஏ. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இதுவும் பிளாஸ்மினோஜனை எழுப்புவதுதான். ஆனால் ஃபைப்ரின் மேல் உட்கார்ந்த பிறகுதான் இதற்கு முழு வேகம் வருகிறது. ரத்தம் முழுவதையும் நீர்க்கச் செய்யாமல் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஜெனென்டெக் நிறுவனம் மரபணுவைப் பிரித்து ஆலையில் தயாரித்தது. 1987-இல் மாரடைப்புக்கும் 1996-இல் பக்கவாதத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1993-இல் 41,021 பேரிடம் நடந்த கஸ்டோ ஆய்வில், டி.பி.ஏ. பெற்றவர்களில் 6.3 சதவீதம் பேரும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 7.2 முதல் 7.4 சதவீதம் பேரும் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். பல மடங்கு விலை கொடுத்து நூற்றுக்கு ஓர் உயிர் கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஓர் உயிருக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வாக்குவாதம் பத்தாண்டு ஓடியது. இந்தியா போன்ற நாடுகள் ஸ்ட்ரெப்டோகைனேஸை விடவில்லை. விட முடியவும் இல்லை.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் இந்த வழியில் ஓர் ஓட்டை இருந்துகொண்டே இருந்தது: டி.பி.ஏ. கொடுத்தும் பலருக்குத் தமனி திறப்பதில்லை. கழுத்திலிருந்து மூளைக்குள் நுழையும் பெருந்தமனியின் முடிவில் அடைப்பு இருந்தால், பத்தில் ஒருவருக்குக்கூட அது திறப்பது அரிது. ஜெர்மனியின் கீல் நகரக் குழு 2011-இல் கட்டியின் நீளத்தை அளந்து, 8 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டிகளை இந்த ஊசி கரைப்பதற்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை என்றது. நீளம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அதற்கு வெகு முன்பே, 1989-இல், இக்-க்யுங் ஜாங் குழு முயல்களில் காட்டிவிட்டது. அந்தக் குழுவில் டி.பி.ஏ.வைத் தந்த கோலனும் இருந்தார். சிவப்பணு மிகுந்த கட்டியை டி.பி.ஏ. நன்றாகக் கரைத்தது, தட்டணு மிகுந்த கட்டி அதே மருந்துக்கு அசையவில்லை.

கட்டிக்குள் எட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். சிரையில் ரத்தம் மெதுவாக ஓடித் தேங்கும்போது உருவாகும் கட்டி பெரும்பாலும் சிவப்பு: தளர்ந்த ஃபைப்ரின் நாருக்குள் சிவப்பணுக்கள் சிக்கிக் கிடக்கும். காலில் உருவாகி நுரையீரலுக்குப் போகிற கட்டிகள் இந்த வகை. தமனியில் கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் ரத்தம் சீறிக்கொண்டு ஓடும். அங்கே உருவாகும் கட்டியின் தலை வெள்ளை, ஏனென்றால் அது தட்டணுக்களின் குவியல். 1882-இல் டூரின் நகரத்து ஜூலியோ பிட்ஸொஸெரோ, உயிருள்ள விலங்கின் நுண்ணிய ரத்தக் குழாயை நுண்ணோக்கியில் வைத்து, காயம்பட்ட இடத்தில் முதலில் வந்து ஒட்டுவது இவைதான் என்று நேரிலேயே பார்த்து எழுதினார். இந்தக் குவியல் டி.பி.ஏ.வை மூன்று வகையில் ஏய்க்கிறது. தட்டணுக்கள் தம் பைகளிலிருந்து டி.பி.ஏ.வை முடக்கும் புரதத்தை வெளியிடுகின்றன. தசைபோல் சுருங்கிக் கட்டியை இறுக்கி மருந்து உள்ளே நுழைய முடியாமல் செய்கின்றன. மூன்றாவதுதான் முக்கியம்: அறுப்பதற்கு அங்கே நாரே போதிய அளவில் இல்லை. தட்டணுவைத் தட்டணுவோடும் சுவரோடும் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் வேறு பிடிகள்.

போதாததற்கு, நார் மருந்தே தட்டணுக்களைத் தூண்டிவிடுகிறது. நார் அறுபடும்போது அதற்குள் சிறைப்பட்டிருந்த த்ராம்பின் என்ற உறைவு நொதி வெளியே வருகிறது. தட்டணுவைக் கிளப்பிவிடுவதில் த்ராம்பினுக்கு நிகர் கிடையாது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்ற மாரடைப்பு நோயாளிகளிடம் தட்டணுக்கள் கடுமையாகக் கிளர்ந்திருந்ததை 1988-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஐசிஸ்-2-இல் ஆஸ்பிரின் அவ்வளவு கைகொடுத்ததன் ரகசியத்தில் ஒரு பகுதி இது.

இனி இரண்டாம் வழி. தட்டணுவின் மேற்பரப்பில் பல ஏற்பிகள் இருந்தாலும் நம் கதைக்கு இரண்டு போதும். முதலாவது ஜிபி 1பி. காயம்பட்ட சுவரின் மேல் நீண்டு கிடக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற மிகப்பெரிய புரதத்தை இது பற்றிக்கொள்கிறது. ஓடுகிற ரத்தத்திலிருந்து தட்டணு முதலில் நிற்பது இந்தப் பிடியால்தான். இரண்டாவது ஜிபி 2பி/3ஏ. ஒரு தட்டணுவில் இது சுமார் 80,000 இருக்கும். கிளர்ந்த பிறகு திறந்துகொண்டு, இடையில் ஃபைப்ரினோஜனை வைத்து அடுத்த தட்டணுவைக் கோத்துக்கொள்கிறது. சுவரில் நிற்க ஒன்று, ஒன்றோடொன்று சேர இன்னொன்று.

இந்த இரண்டையும் இயற்கையே தனித்தனியாக இல்லாமல் ஆக்கிப் பார்த்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் கிளான்ஸ்மன் 1918-இல் விவரித்த பிறவி ரத்தப்போக்கு நோயில் 2பி/3ஏ இல்லை. பிரான்ஸில் பெர்னார், சூலியே இருவரும் 1948-இல் விவரித்த நோயில் 1பி இல்லை. பின்லாந்தின் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் ஆலந்து தீவுகளின் ஒரு குடும்பத்தில் கண்ட நோயில் 1பி பற்றும் அந்தப் பெரிய புரதமே குறை. இவர்களிடம் மருந்து வேதியியலாளர்கள் பாடம் கற்றார்கள்: பிடி இல்லாவிட்டால் கட்டி இல்லை, கூடவே ரத்தப்போக்கும் வரும். எவ்வளவு வரும் என்பது எந்தப் பிடி என்பதைப் பொறுத்தது.

முதலில் கை வைத்தது இரண்டாம் பிடியில். அமெரிக்காவின் பேரி காலர், கிளான்ஸ்மன் நோயை மருந்தால் தற்காலிகமாக உண்டாக்கினால் என்ன என்று யோசித்து, 2பி/3ஏ-வை மூடும் எலி எதிர்ப்பொருளைச் செய்தார். அது அப்சிக்ஸிமேப் ஆகி 1994-இல் கடைக்கு வந்தது. ஆஞ்சியோபிளாஸ்டியில் ஆபத்து மிகுந்த 2,099 பேரிடம் நடந்த எபிக் ஆய்வில் இதயச் சிக்கல்களை 35 சதவீதம் குறைத்தது. பெரும் ரத்தப்போக்கை 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக்கியது. 1998-இல் இன்னும் இரண்டு வந்தன, இரண்டுமே பாம்புகளின் கொடை. எப்டிஃபிபடைட் அமெரிக்கக் குள்ளச் சலங்கைப் பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்தது. டைரோஃபிபான் உருவானது நம் ஊர் வரப்புகளில் அஞ்சி நடக்க வைக்கும் சுருட்டை விரியனின் நஞ்சிலுள்ள எக்கிஸ்டாடின் என்ற புரதத்தைப் பார்த்து. கடிபட்டவருக்கு ரத்தம் உறையாமல் போவதில் அந்த நஞ்சின் பல பொருள்களுக்குப் பங்குண்டு. அதில் ஒன்று 2பி/3ஏ-வின் வாயில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தர்க்கப்படி அடுத்த அடி எளிது: நாருக்கு ஒன்று, தட்டணுவுக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே? நாய்களில் செய்த சோதனைகள் அமோகமாக வந்திருந்தன, டி.பி.ஏ.வோடு காலரின் எதிர்ப்பொருளைச் சேர்த்ததும் தமனி சீக்கிரம் திறந்தது, திரும்ப மூடவில்லை. மனிதர்களிடம் 2001-இல் கஸ்டோ-5 அதைச் சோதித்தது. 16,588 மாரடைப்பு நோயாளிகளில் பாதிப் பேருக்கு நார் மருந்து முழு அளவு, மீதிப் பேருக்கு அரை அளவும் அப்சிக்ஸிமேபும். ஒரு மாத இறப்பு 5.9 சதவீதமும் 5.6 சதவீதமும், வேறுபாடு என்று சொல்ல முடியாது. மூளைக்கு வெளியே ரத்தப்போக்கு இரு மடங்கு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளைக்குள்ளும் கூடியதுபோல் தெரிந்தது. இந்தக் கடைசி வரியில் ராசி அட்டவணையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் வயதானவர் மூளையில் ரத்தம் கசிவதற்கு உடலியல் காரணம் இருக்கிறது, துலா ராசிக்கு இல்லை.

பக்கவாதத்தில் நிலைமை இன்னும் மோசம். நார் மருந்துக்கே அங்கே விலை அதிகம்: 1995-இன் நிண்ட்ஸ் ஆய்வில் 624 பேரில் டி.பி.ஏ. பெற்றவர்களுக்கு 6.4 சதவீதம் மூளை ரத்தப்போக்கு, பெறாதவர்களுக்கு 0.6. அதையும் மீறிப் பலன் இருந்ததால்தான் மருந்து நிலைத்தது. அப்சிக்ஸிமேபைத் தனியாக வைத்துச் சோதித்த ஆய்வை 2005-இல் பாதியில் நிறுத்தினார்கள், ரத்தப்போக்கு 5.5 சதவீதம், ஒப்புக் குழுவில் 0.5. டி.பி.ஏ.வோடு ஆஸ்பிரினை உடனே நரம்பில் ஏற்றிய நெதர்லாந்து ஆய்வும் 2012-இல் அதே காரணத்தால் நின்றது. சுருட்டை விரியனின் வாரிசுக்கு மட்டும் சற்று நல்ல பெயர். பெருந்தமனி அடைப்பு இல்லாதவர்களில் டைரோஃபிபான், ஆஸ்பிரினைவிடக் கூடுதல் பேரை நன்றாக நடமாட வைத்தது என்று 2023-இல் சீனாவின் ஆய்வு ஒன்று காட்டியது: 29.1 சதவீதம், 22.2 சதவீதம். ஆனால் டி.பி.ஏ. வகை ஊசியோடு எப்டிஃபிபடைடைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2024-இல் பலனில்லை என்று முடிந்தது. இரண்டாம் பிடியைத் தொடும் மருந்துகள் ஒரு தராசின் இரு தட்டையும் ஒரே நேரத்தில் உயர்த்துகின்றன என்பதுதான் இவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது.

ஏன் அப்படி? உடலில் எங்கே கீறல் விழுந்தாலும், ரத்தம் மெதுவாக ஓடும் நுண்குழாயாக இருந்தாலும், தட்டணுக்கள் அடைப்பைக் கட்டுவது இந்த 2பி/3ஏ-வால்தான். அதை மூடினால் கெட்ட கட்டியும் போகும், மூளையின் நுண்குழாய்களைக் காக்கும் நல்ல அடைப்பும் போகும். முதல் பிடி அப்படியில்லை. இங்கேதான் இரண்டாம் வழி உண்மையில் சுவாரசியமாகிறது.

வான் வில்லிபிராண்ட் காரணி சாதாரணமாக ஓடுகிற ரத்தத்தில் சுருண்ட நூற்கண்டாக மிதக்கிறது. தட்டணு பற்றும் இடம் உள்ளே மறைந்திருக்கும். ரத்தத்தின் உராய்வு ஓர் அளவைத் தாண்டினால்தான் நூல் பிரிந்து நீளும், அந்த இடம் வெளித்தெரியும். ரத்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகத்தை நொடிக்கு இத்தனை என்று அளக்கிறார்கள். நலமான தமனியில் அது ஆயிரத்து சொச்சம். நூல் பிரிய சுமார் 5,000 வேண்டும். கொழுப்பு படிந்து குறுகிப்போன தமனியில் 10,000-ஐயும் தாண்டும். ஆக இந்தப் பிடி அதிகம் தேவைப்படும் இடம், தமனி எங்கே ஆபத்தாகக் குறுகியிருக்கிறதோ அந்த இடம்தான். அதை மூடும் மருந்து எல்லா இடத்துக்கும் போனாலும் அதன் விளைவு குறுகிய இடத்தில்தான் பெரிதாகத் தெரியும். டி.பி.ஏ.விடம் எதிர்பார்த்து முழுமையாகக் கிடைக்காத இடத்தேர்வு இங்கே ரத்த ஓட்டத்தின் இயற்பியலாகவே கிடைக்கிறது.

எலிகளில் இரு பிடிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து வந்தது. மூளைத் தமனியை அடைத்துத் திறந்த எலிகளில் ஒரு குழுவுக்கு 1பி-யை மூடினார்கள், இன்னொரு குழுவுக்கு 2பி/3ஏ-வை. முதல் குழுவில் மூளைச் சேதம் பெருமளவு குறைந்தது, மூளைக்குள் ரத்தப்போக்கு கூடவில்லை. இரண்டாம் குழுவில் சேதம் குறையவில்லை. மருந்தின் அளவு ஏற ஏற ரத்தப்போக்கும் சாவும் ஏறின. இரண்டும் தட்டணு மருந்துதான். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இவற்றை அடைத்து வைத்தது எவ்வளவு அவசர முடிவு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் சேதத்தைக் குறைப்பது வேறு, உருவாகிவிட்ட கட்டியைக் கரைப்பது வேறு. கரைக்கவும் முடியும் என்று காட்டியது பிரான்ஸின் கான் நகரத்தில் டெனி விவியன் குழு, 2014-இல். எலியின் மூளைத் தமனியில் ஃபெர்ரிக் குளோரைடு வைத்துத் தட்டணு மிகுந்த கட்டியை உண்டாக்கினார்கள். டி.பி.ஏ. தோற்றது. 1பி-க்கும் வான் வில்லிபிராண்ட் காரணிக்கும் இடையிலான பிடியை எதிர்ப்பொருளால் தடுத்ததும் கட்டி கரைந்து ரத்தம் ஓடியது. எந்த நொதியும் எதையும் அறுக்காமல் கட்டி எப்படிக் கரைந்தது? அந்தப் பிடிகள் ஒவ்வொன்றும் நொடிக்கும் குறைவான நேரமே நிலைப்பவை. விட்டு விட்டு மறுபடி பிடிப்பதால்தான் கட்டி நிற்கிறது. வெள்ளம் புரளும் ஆற்றில் கைகோத்து நிற்கிறவர்கள் கை நழுவும்போதெல்லாம் மறுபடி பற்றுவதுபோல. மறுபடி பற்றுவதை மட்டும் தடுத்துவிட்டால் மீதியை ஆறே பார்த்துக்கொள்ளும். தடுக்கும் மருந்து, கரைக்கும் மருந்து என்று போட்ட கோடு இந்த இடத்தில் அழிந்துபோகிறது: ஓயாமல் புதுப்பித்தால் மட்டுமே நிற்கிற ஒன்றைத் தடுப்பதே அதைக் கரைப்பதும் ஆகும்.

இதே பிடியை வேறு வகையிலும் தாக்கலாம். வான் வில்லிபிராண்ட் காரணியை அளவாக வெட்டி வைப்பதற்கென்றே நம் ரத்தத்தில் அடாம்ஸ்-13 என்ற நொதி இருக்கிறது. 2016-இல் சைமன் டி மெயர் குழு, டி.பி.ஏ.வுக்கு அசையாத கட்டி கொண்ட எலிகளுக்கு அதை ஏற்றியது, கட்டி கரைந்தது. அந்தக் குழு இயங்குவது கோலன் டி.பி.ஏ.வைப் பிரித்தெடுத்த அதே லூவன் பல்கலைக்கழகத்தில் என்பது தற்செயலாக இருக்கலாம், எனக்குப் பிடித்த தற்செயல். கான் நகரத்துக்காரர்கள் 2017-இல் இன்னும் எளிய பொருளைக் கையில் எடுத்தார்கள்: அசிடைல்சிஸ்டீன். சளி இளக, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையாக நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதுதான்; பாரசிட்டமால் அளவுமீறிச் சாப்பிட்டவர்களுக்கு மாற்று மருந்தும் அதுவே. சளியின் புரதங்களைக் கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்பை உடைக்கும் அந்தப் பொருள், வான் வில்லிபிராண்ட் சங்கிலியின் கந்தகப் பிணைப்பையும் உடைக்கிறது. எலியின் தமனியில் டி.பி.ஏ. தோற்ற கட்டிகள் அதற்கு விட்டுக்கொடுத்தன.

மனிதர்களுக்குக் கொடுக்கும் அளவுக்கு முன்னேறியது கப்லசிஸுமேப். பெல்ஜியத்தின் ஏப்லிங்ஸ் நிறுவனம் லாமா எதிர்ப்பொருளிலிருந்து செய்த சிறு துண்டு அது. 1பி பற்றும் இடத்தையே மூடுகிறது. அடாம்ஸ்-13 இல்லாததால் உடலெங்கும் நுண்கட்டிகள் உருவாகும் டி.டி.பி. என்ற அரிய நோய்க்கு ஐரோப்பாவில் 2018-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றது. அந்த நோயாளிகளிடம் கண்ட ரத்தக்கசிவு பெரும்பாலும் மூக்கிலும் ஈறிலும். இதே துண்டு கினிப் பன்றிகளின் மூளைத் தமனியைத் திறந்ததை இத்தாலியர்கள் 2013-இல் காட்டியிருந்தார்கள். அமெரிக்காவின் ஓஹையோவில் ஷாஹித் நிம்ஜி குழு வேறு பாதையில் போகிறது. அவர்கள் செய்தது வான் வில்லிபிராண்ட் காரணியைப் பற்றிக்கொள்ளும் ஓர் ஆர்.என்.ஏ. துண்டு, கூடவே, அதற்கு நேர் எதிரான இன்னொரு ஆர்.என்.ஏ. துண்டையும் செய்திருக்கிறார்கள். ரத்தம் கசியத் தொடங்கினால் இரண்டாவதை ஏற்றி முதலாவதை முடக்கிவிடலாம். டி.பி.ஏ.வுக்கு இப்படிக் கச்சிதமான மாற்று மருந்து கிடையாது.

எலி எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்லும், மனிதன் பெரும்பாலும் மறுத்துவிடுவான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலாஜன் என்ற சுவர்ப் புரதத்தைப் பற்றும் மூன்றாவது ஏற்பி ஒன்றைக் குறிவைத்த கிளென்ஸோசிமேப் என்ற பிரெஞ்சு மருந்து முதல் சிறு ஆய்வில் மூளை ரத்தப்போக்கைக் குறைப்பதுபோல் தெரிந்தது. பெரிய ஆய்வில் 2024-இல் தோற்றது. இளம் எலியின் தமனியில் வேதிப்பொருள் வைத்துச் சில நிமிடங்களில் உண்டாக்கிய கட்டியும், அறுபது வயது சர்க்கரை நோயாளியின் தமனியில் பல மணி நேரமாக இறுகிய கட்டியும் ஒன்றல்ல. நேரம் போகப்போக முதல் பிடியின் பங்கு குறைகிறது, 2பி/3ஏ-வின் இறுக்கம் மேலோங்குகிறது, அதற்கு மேல் ஃபைப்ரின் குறுக்கிணைந்து கெட்டியாகிறது. அடாம்ஸ்-13 ஆய்விலேயே அடைப்பு உண்டாகி ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது பலன் குறைந்தது. என் கணிப்பு: முதல் பிடியைத் தொடும் மருந்துகள் வென்றால் அது முதல் சில மணி நேரத்துக் கட்டிகளில்தான் இருக்கும். சிரைக் கட்டிகளிலும் பழைய சிவப்புக் கட்டிகளிலும் நார் மருந்தின் இடத்தை அவை பிடிக்கப் போவதில்லை, பிடிக்கவும் தேவையில்லை.

நேரம் என்று வரும்போது மருந்தின் குணத்தைவிட அது எங்கே கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். 2012-க்கும் 2014-க்கும் இடையில் தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து நடத்திய மாரடைப்புத் திட்டத்தில், முதலில் கரைக்கும் ஊசி, பிறகு ஆஞ்சியோபிளாஸ்டி என்ற முறையைப் பரப்பினார்கள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் அதற்கும் கீழே இறங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் அளவைக் கொடுத்து அனுப்புகிறது. இந்த மூன்றில் இரண்டு தட்டணு மருந்துகள். அங்கே தட்டணு முதலில், நார் பிறகு என்ற வரிசை நடைமுறையிலேயே வந்துவிட்டது, ஊசியைவிட மாத்திரை எளிது என்ற காரணத்தால். காலரும் பின்னாளில் இதே திசையில்தான் போனார்: ஆம்புலன்ஸிலேயே தோலுக்கடியில் போடக்கூடிய, சீக்கிரம் வீரியம் தணியும் ஸலுன்ஃபிபான் என்ற 2பி/3ஏ மருந்தை உருவாக்கினார். மாரடைப்புக்கு அது பொருந்தும். மூளைக்கு இரண்டாம் பிடி மருந்துகள் எதையும் நான் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டேன்.

பக்கவாதத்தில் 2015-க்குப் பிறகு பெருந்தமனிக் கட்டிகளைக் கம்பி வலையால் இழுத்தெடுக்கும் முறை நிலைபெற்றதால் இந்த ஒப்பீட்டுக்கு எதிர்பாராத ஒரு வசதி கிடைத்தது. இழுத்தெடுத்த கட்டியை ஆய்வகத்தில் நறுக்கிப் பார்க்கலாம். ஒரே கட்டியில் இரண்டு நிலப்பரப்புகள் தெரிந்தன: மெல்லிய நாரில் சிக்கிய சிவப்பணுப் பகுதி, அடர்ந்த நாரும் வான் வில்லிபிராண்ட் காரணியும் தட்டணுக்களும் கலந்த பகுதி. விகிதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எடுக்கும் முன்பே இதை ஓரளவு ஊகிக்கவும் முடிகிறது: சிவப்பணு மிகுந்த கட்டி சி.டி. ஸ்கேனில் தமனிக்குள் பளீரென வெண்கோடாகத் தெரியும், தட்டணு மிகுந்தது அப்படித் தெரிவதில்லை. ஸ்கேன் அறையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இரண்டு வகை நோயாளிகளுக்கும் இன்று ஏறுவது ஒரே ஊசிதான், டி.பி.ஏ. அல்லது அதன் தம்பியான டெனெக்டிபிளேஸ்.